நூல் பிடித்த தோட்டமா, தன்போக்குத் தோட்டமா: செடி வாங்கும் முன் செய்ய வேண்டியவை

தோட்டம் போடலாம் என்று முடிவான அன்றே நான் செய்த முதல் காரியம் நர்சரிக்குப் போனது. அதுதான் தப்பு. இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட வேலிச்செடி, நடுவில் நேர்பாதை, பாதை முடியும் இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. மனதில் இப்படி ஒரு படம் இருந்தது, அதற்கு வேண்டிய செடிகளை வண்டி நிறைய ஏற்றி வந்துவிட்டேன். நட்டு மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கதவைத் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது: தொட்டி கதவுக்கு நேராக இல்லை. ஓர் அடி இடப்பக்கம் தள்ளி நின்றது. பாதையை நான் மனையின் நடுவில் போட்டிருந்தேன். கதவோ வீட்டின் நடுவில் இல்லை. போதாததற்கு, வேலிக்கும் மதிலுக்கும் இடையே ஒரு முனையில் 2 அடி, மறுமுனையில் மூன்றரை அடி. மதிலே கோணல். அத்தனை வருடம் யார் கண்ணிலும் படாத கோணல், பக்கத்தில் ஒரு நேர்கோடு வந்ததும் தினமும் கண்ணைக் குத்த ஆரம்பித்தது.

கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, “இனி இயற்கையாகவே விட்டுவிடலாம்” என்று கண்டதையெல்லாம் நட்டேன். இரண்டு வருடத்தில் அது புதராகி, பாதை எங்கே என்று நானே தேடும்படி ஆனது. மூன்றாவது முறைதான் ஒழுங்காக அமைந்தது. அந்த மூன்றாவது முறையில் செய்ததை, செய்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

பெயர்களை முதலில் பேசிக்கொள்வோம். ஃபார்மல் கார்டன், இன்ஃபார்மல் கார்டன் என்பார்கள். பாடப்புத்தகத்தில் முறைசார்ந்தது, முறைசாராதது. முதலாவதில் நேர்கோடு, செங்கோணம், வட்டம் போன்ற வடிவக்கணிதம். ஒரு பக்கம் இருப்பது மறுபக்கமும் இருக்கும். செடிகள் வெட்டிய வடிவில் நிற்கும். இரண்டாவதில் வளைவுகள், அளவு மாறி நிற்கும் செடிக்கூட்டங்கள், சொந்த வடிவத்துக்கே விட்ட கிளைகள். நான் முதலாவதை நூல் பிடித்த தோட்டம் என்றும் இரண்டாவதைத் தன்போக்குத் தோட்டம் என்றும் சொல்லப்போகிறேன். நேர்கோடு போட உண்மையிலேயே நூல்தான் பிடிக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

1. காகிதங்களை எடுத்து வையுங்கள்

மண்ணைத் தொடும் முன் நான்கு காகிதங்கள் மேஜையில் இருக்கட்டும். மனையின் எல்லை அளவு உள்ள வரைபடம். வீட்டின் கட்டட வரைபடம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயுக் குழாய் எந்த வழியாகப் போகின்றன என்ற குறிப்பு. நான்காவது, உங்களைக் கட்டுப்படுத்தும் விதிகள்: குடியிருப்புச் சங்கம் இருந்தால் அதன் விதிகள், வாடகை வீடென்றால் ஒப்பந்தம்.

மூன்றாவது காகிதம் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. அப்படியானால் கழிவுநீர்த் தொட்டி மூடிகளையும் மீட்டர் பெட்டிகளையும் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையே கோடு போட்டு, சந்தேகமான இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தடியில் கம்பியோ எரிவாயுக் குழாயோ போகலாம் என்று தோன்றினால், தோண்டும் முன் அந்தந்தச் சேவை அலுவலகத்தைக் கேட்பதுதான் சரி. கழிவுநீர்க் குழாய்க்கு மேல் மரம் வேண்டாம். வேர் தண்ணீரைத் தேடிப் போகும், குழாயின் விரிசல் அதற்குக் கதவு.

விதிகளில் பார்க்க வேண்டியவை: வேலியின் உயர வரம்பு, எல்லையிலிருந்து மரத்துக்கு விட வேண்டிய தூரம், தரையில் எவ்வளவு பங்கைக் கல்லால் மூடலாம் என்பது. எட்டடி உயர வேலியை மனதில் வைத்து எல்லாவற்றையும் நட்டபிறகு நாலடிக்கு மேல் கூடாது என்று தெரிந்தால் மொத்தத் திட்டமும் சரிந்துவிடும். வாடகை வீடென்றால் தொட்டிச் செடிகளாலேயே நேர்வரிசை அமைக்கலாம். காலி செய்யும்போது தோட்டமும் கூடவே வரும்.

2. அளந்து பாருங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள்

காகிதத்தில் செவ்வகமாக இருக்கும் மனை தரையில் செவ்வகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நான்கு பக்கத்தையும் டேப்பால் அளந்துவிட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணம். இதற்கு இருவர் போதும், அரைமணி நேர வேலை. என் மனையில் இதைச் செய்திருந்தால் ஒன்றரை அடி வித்தியாசம் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்து வீட்டை அளங்கள். கதவின் நடு எங்கே, நீங்கள் அதிகம் நின்று பார்க்கும் ஜன்னலின் நடு எங்கே என்று குறியுங்கள். நூல் பிடித்த தோட்டத்தின் நடுக்கோடு இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் கிளம்ப வேண்டும். மனையின் நடு முக்கியமே இல்லை. மனையை யாரும் வானத்திலிருந்து பார்ப்பதில்லை, கதவருகே நின்றுதான் பார்க்கிறார்கள்.

கட்டத் தாளில் ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்று வரைந்துகொண்டால் போதும். கணினி மென்பொருள் தேவையில்லை. வரைந்ததை நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள், கிறுக்கிப் பார்க்க.

3. வெயில், தண்ணீர், வாட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். காலை, நடுப்பகல், மாலை என மூன்று வேளை நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நகலில் குறியுங்கள். நேர்வரிசை வேலி போட நினைப்பவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். வரிசையின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால் ஒரே செடிதான் என்றாலும் ஒரே உயரத்துக்கு வளராது. தன்போக்குத் தோட்டத்தில் வெயிலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு: ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி தோண்டி நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும். மேட்டுப்பாத்தி போட வேண்டும், அல்லது வடிகால்.

வாட்டம் என்றால் சரிவு. நிலம் கணிசமாகச் சரிந்திருந்தால் நூல் பிடித்த தோட்டத்துக்குப் படிப்படியாகத் தளம் வெட்டித் தாங்குசுவர் எழுப்ப வேண்டிவரும். செலவில் அதுதான் பெரிய பூதம். சரிவான மனையில் பணம் அளவாக இருந்தால் வளைவான தோட்டத்துக்கே போங்கள்.

4. எது உங்களுக்கு? படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். அழகான புகைப்படம் ஒன்றைப் பார்த்து அதுவே வேண்டும் என்று கிளம்பிவிடுகிறோம். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைப் பூங்கா ஏறத்தாழ 800 ஹெக்டேர். அதன் நீளமான கோடுகள் அந்தப் பரப்புக்கு எழுதியவை. நாற்பதடி மனையில் அதைச் சுருக்கி வைத்தால் பொம்மை வீடு மாதிரி ஆகிவிடும். ஆனாலும் சிறிய இடத்துக்கு நேர்கோடு ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிகச் சிறிய, நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த முற்றத்துக்கு நேர்கோடுகள் பிரமாதமாகப் பொருந்தும், ஏனென்றால் சுவர்கள் ஏற்கெனவே நேராக நிற்கின்றன. குறுகிய இடத்தில் வளைவு போட்டால் மூலைகளில் எதற்கும் உதவாத துண்டு நிலங்கள் மிஞ்சும்.

முதல் கேள்வி வீட்டைப் பற்றியது. முகப்பு நடுவில் கதவும் இருபுறம் ஒரே அளவு ஜன்னல்களுமாக இருக்கும் வீட்டுக்கு நேர்கோட்டுத் தோட்டம் இயல்பாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் உள்வாங்கி, கதவு ஓரத்தில் இருக்கும் வீட்டுக்கு முழுச் சமச்சீரைத் திணித்தால் என் கல்தொட்டி கதைதான். அப்படி வீடு இருந்தும் நேர்கோடு பிடிக்குமென்றால், சமச்சீரை விட்டுவிட்டு நேர்கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். செவ்வகப் பாத்திகள், நேரான பாதை, ஆனால் இடப்பக்கம் ஒரு பெரிய மரமும் வலப்பக்கம் மூன்று புதர்களும். கனம் இரண்டு பக்கமும் சமமாகத் தெரிந்தால் கண் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, கத்தரி யார் கையில்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். என் பழைய வேலி 30 அடி நீளம், இடுப்பளவு உயரம். இரண்டு பக்கமும் மேற்புறமும் கைக்கத்தரியால் வெட்ட எனக்கு ஒன்றரை மணி நேரம், வெட்டியதைக் கூட்டி அள்ள இன்னோர் அரைமணி. அதுபோல இரண்டு வேலி. வெப்பமான ஊரில் டுரான்டா மாதிரி வேகமாக வளரும் செடியாக இருந்தால், வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறையாவது இந்த வேலை உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் மெதுவாக வளரும் பாக்ஸ்வுட் என்றால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஆக, உங்கள் செடி எது என்பதைப் பொறுத்து உழைப்பு பல மடங்கு மாறும். இதைக் கடைக்காரரிடம் கேட்காமல், அந்த வேலியை ஏற்கெனவே வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு மாதம் வெட்டாத வேலி, முடிவெட்டிக்கொள்ளாத தலை மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். வரிசையில் ஒரு செடி பட்டுப்போனால் பல் விழுந்த வாய்தான். அந்த இடத்தில் புதிதாக நட்டது மற்றவற்றின் உயரத்தை எட்டும் வரை ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். தன்போக்குத் தோட்டத்தில் ஒரு செடி போனால் பக்கத்துச் செடி கை நீட்டி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் தன்போக்குத் தோட்டத்துக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே உழைப்பு குறைவு என்பதைவிட, உழைப்பின் வகை வேறு. வேலி வெட்ட அறிவு அதிகம் வேண்டாம், ஒழுக்கம் வேண்டும். தன்போக்குத் தோட்டத்தில் முளைத்திருப்பது களையா, போன பருவத்துப் பூச்செடியின் குஞ்சா என்று தெரிய வேண்டும். எந்தச் செடி எந்தச் செடியை விழுங்கப் பார்க்கிறது என்று கவனித்து, எதைப் பிடுங்குவது, எதைக் கவாத்து செய்வது, அதாவது கிளையை வெட்டிவிடுவது என்று ஒவ்வொரு வாரமும் தீர்மானிக்க வேண்டும். நான் தோற்றது அங்கேதான். கூலிக்கு ஆள் வைப்பதாக இருந்தாலும் இதை நினையுங்கள்: வேலியை நேராக வெட்டச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போய்விடலாம். புதர்ப் பாத்தியைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு உள்ளே போனால், திரும்பி வரும்போது பூச்செடிகள் எல்லாம் குப்பைக் கூடையில் இருக்கும்.

கடைசியாக, உங்கள் குணம். கண்ட இடத்தில் கண்ட செடியை வாங்கிவரும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் நூல் பிடித்த தோட்டம் உங்களைச் சிறையில் வைக்கும். அதில் புதுச்செடிக்கு இடம் கிடையாது. கோணலாக மாட்டிய படத்தைப் போகிறபோக்கில் நேர்ப்படுத்துபவரா? அப்படியானால் தன்போக்குத் தோட்டம் உங்களுக்குத் தினசரி உறுத்தல்.

5. நூலும் ஹோஸும் வைத்து ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள்

முடிவு எதுவானாலும் உடனே தோண்டாதீர்கள். நூல் பிடித்த தோட்டம் என்றால் முளைக்குச்சிகள், கட்டட வேலைக்கு வாங்கும் நூல், டேப். நடுக்கோட்டை முதலில் இழுங்கள். அதற்குச் செங்கோணம் போட, கொத்தனார்கள் செய்வதுபோல ஒரு கோட்டில் 3 அடி, மறுகோட்டில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்கே சரியாக 5 அடி வரும்படி நகர்த்துங்கள். இடம் பெரிதாக இருந்தால் 6, 8, 10 என்று வையுங்கள், பிழை குறையும்.

தன்போக்குத் தோட்டம் என்றால் தண்ணீர் ஹோஸ். அதைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு வைத்தால் இளகி, மடங்காமல் வளையும். பாத்தியின் விளிம்பு எப்படி வளைய வேண்டுமோ அப்படிப் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல்முறை வளைவு போடுபவர்கள் எல்லோரும் புழு நெளிவதுபோலக் குட்டிக் குட்டி வளைவுகளாகப் போடுவார்கள். மேலிருந்து வரைபடத்தில் பார்க்க அழகு. தரையில் நின்று பார்த்தால் வெறும் கசங்கல். அகலமான வளைவு ஒன்று அல்லது இரண்டு போதும். பாதை வளைந்தால் வளைவதற்குக் காரணம் தெரிய வேண்டும். ஒரு மரம், ஒரு பாறை, ஒரு புதர், எதையாவது சுற்றிப் போகட்டும். காரணமில்லாமல் வளைந்த பாதையை மனிதர்கள் குறுக்கே கடந்து, புல்லில் தங்கள் நேர்பாதையைப் போட்டுவிடுவார்கள். குழந்தைகள் முதல் நாளே போடுவார்கள்.

கோடுகள் ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். குப்பை கொட்டப் போகும்போது, துணி காயப்போடும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். இருவர் சேர்ந்து நடக்கும் பாதைக்கு 4 அடி அகலம் வேண்டும். ஒருவர் தள்ளுவண்டியோடு போக 3 அடி. செடி பாதைமேல் சாய்ந்து வளரும் என்றால் அதற்கும் சேர்த்து விடுங்கள். வேலியின் இடத்தில் நாற்காலிகளையோ அட்டைப்பெட்டிகளையோ வரிசையாக அடுக்கி, ஜன்னல் வழியாகப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், பரவாயில்லை. மூன்றாவது முறை நான் பெட்டி அடுக்கித்தான் பார்த்தேன். வேலி இரண்டு அடிக்கு மேல் போனால் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் உள்ள பூக்கள் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி என்று பட்டதும் கோடுகளைச் சுண்ணாம்புத் தூளால் தரையில் பதித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. இரண்டையும் கலக்கலாம், ஆனால் எங்கே மாறுகிறது என்று தெரிய வேண்டும்

பெரும்பாலானவர்களுக்கு இறுதியில் கலவைதான் சரிவரும். பழைய விதி ஒன்று உண்டு: வீட்டை ஒட்டி நேராக, விலகிப் போகப்போக இளகி. கதவருகே சதுரமான தளம், நேரான பாத்தி. கடைக்கோடியில் புதரும் மரமும் அவற்றின் போக்கில்.

இன்னொரு கலவை, எலும்பு நேர்கோடு, சதை தன்போக்கு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டம் இதற்குப் பேர்போனது. 1930இல் அந்த இடத்தை வாங்கிய தம்பதியில் கணவர் ஹெரால்ட் நிக்கல்சன் நேரான பாதைகளையும் வேலிச் சுவர்களையும் வகுத்தார். மனைவி வீட்டா சாக்வில்-வெஸ்ட் அவற்றுக்குள்ளே செடிகளை வழியும்படி நிரப்பினார். பாதை நேராக இருப்பதால்தான் மேலே சாயும் ரோஜா அலங்கோலமாகத் தெரியாமல் தாராளமாகத் தெரிகிறது. வெட்ட வேண்டிய கோடு குறைவு, ஒழுங்கு என்ற தோற்றம் மட்டும் கிடைத்துவிடும். முதல்முறை தோட்டம் போடுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மாறும் இடம் தெளிவாக இருக்கட்டும். ஒரு படி, ஒரு வளைவு வாயில், தாழ்வான வேலி, தரையின் கல் மாறுவது, ஏதோ ஒன்று. பாதி வழியில் நேர்பாதை காரணமில்லாமல் வளைய ஆரம்பித்தால் நூல் தீர்ந்துபோனது என்று நினைப்பார்கள்.

7. செலவுக் கணக்கு

இரண்டு முறைக்கும் பணம் வெவ்வேறு பையிலிருந்து போகும். நூல் பிடித்த தோட்டத்தில் ஆரம்பச் செலவு கனம்: கல் பதித்தல், விளிம்புக்கல், மட்டம் எடுத்தல், ஒரே அளவில் நிறையச் செடி. தன்போக்குத் தோட்டத்தைத் துண்டு துண்டாக, இந்த வருடம் ஒரு மூலை, அடுத்த வருடம் இன்னொன்று என்று போடலாம். பாதி முடித்த தன்போக்குத் தோட்டம் தோட்டமாகவே தெரியும். பாதி முடித்த நூல் பிடித்த தோட்டம் கட்டுமானத் தளம்.

செடிகளின் எண்ணிக்கையை நீங்களே கணக்கிடுங்கள். 30 அடி வேலிக்கு அடிக்கு ஒரு செடி என்றால் முனையையும் சேர்த்து 31. அதோடு மூன்று நான்கு கூடுதலாக வாங்கித் தொட்டியில் வளர்த்து வையுங்கள், பட்டுப்போனதற்கு மாற்றாக. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றாக வளர்த்த ஒரே தொகுதியிலிருந்து வாங்க வேண்டும். பிறகு வாங்கினால் இலையின் நிறமே வேறாக இருக்கலாம்.

பாத்திக்கு வேறு கணக்கு. 120 சதுர அடியில், 3 அடி அகலத்துக்கு விரியும் செடி ஏறத்தாழ 13 போதும். உடனே நிறைந்து தெரிய வேண்டும் என்று ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்தால் 53. இடைவெளியைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நான்கு மடங்கு! இரண்டு வருடத்தில் அதில் முக்கால்வாசியைப் பிடுங்க வேண்டியும் வரும். என் புதரின் ரகசியம் இதுவேதான். இடைவெளியை முதல் வருடம் பருவப்பூக்களால் நிரப்புங்கள், அல்லது மூடாக்குப் போட்டு, அதாவது மண்ணைக் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மூடிவைத்துப் பொறுத்திருங்கள்.

சரளைப் பாதைக்கு: 30 அடி நீளம், 4 அடி அகலம், 2 அங்குலக் கனம் என்றால் 20 கன அடி. ஓரத்தில் விளிம்பு கட்டாவிட்டால் அந்தச் சரளை ஒரு வருடத்தில் பாத்திக்குள் போய்விடும், ஆகவே விளிம்புச் செலவையும் எழுதுங்கள்.

ஆள் வைத்துச் செய்வதானால் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு வந்த முதல் மதிப்பீட்டில் “செடிகள்” என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு தொகை. இப்படி ஏற்காதீர்கள். செடியின் தாவரவியல் பெயர், எண்ணிக்கை, தொட்டி அளவு, எத்தனை அங்குலத்துக்குப் புதுமண், எவ்வளவு மட்கு உரம், தரையின் வாட்டம் எந்தப் பக்கம், இடிபாட்டை யார் அள்ளுவது, பட்டுப்போன செடிக்கு எத்தனை நாள் வரை மாற்று, இவை எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். தாவரவியல் பெயர் ஏன் என்றால், ஊர்ப்பெயர் ஒன்றிருக்கும், செடி இரண்டிருக்கும். இடுப்பளவு என்று வாங்கியது கூரையைத் தொடும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒரு பகுதியை நட்டுச் சில வாரம் கழித்துத் தருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

8. வேலையின் வரிசையும் காலமும்

முதலில் சுத்தம், மட்டம். அப்புறம் வடிகால், தண்ணீர்க் குழாய், விளக்குக் கம்பி. அடுத்து பாதையும் தளமும். பிறகுதான் மண். அதன்பின் மரம், புதர், சிறுசெடி, கடைசியாக மூடாக்கு. வரிசை மாறினால், புதுப்பாத்திமேல் சரளை வண்டி ஏறும்.

தளம் போடும்போது நின்று பார்க்க வேண்டியது ஒன்று: ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், வீட்டைவிட்டு வெளியே போகும்படி. வேலையாட்கள் இருக்கும்போதே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

நடவுக்குக் காலம் முக்கியம். மழைக்காலம் உள்ள ஊரில் மழை தொடங்கும்போது. பனி உறையும் ஊரில் இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோ. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கல்வேலை அதற்கு முன் முடியும்படி தேதி வையுங்கள். கோடையில் நட வேண்டிய கட்டாயம் வந்தால் செடியை நிழலில் தொட்டியிலேயே வைத்துக் காத்திருப்பது நல்லது.

வாங்கும்போது இரண்டு மூன்று செடியைத் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வட்டம் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் வேண்டாம். உயரமான செடியைவிட அடியிலிருந்தே கிளைத்த குட்டைச் செடிதான் வேலிக்கு நல்லது.

9. முதல் மூன்று வருடப் பொறிகள்

வேலிக்காரர்களுக்கு: வேண்டிய உயரம் வரட்டும், பிறகு வெட்டலாம் என்று காத்திருந்தால் மேலே அடர்ந்து கீழே வெறும் குச்சியாகிவிடும். நட்டு வேர் பிடித்ததுமே நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒவ்வொரு முறை வளர்ந்ததிலும் பாதியை வெட்டுங்கள். அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் வெட்டினால்தான் கீழ் இலைகளுக்கு வெயில் போகும். சுவர் மாதிரி செங்குத்தாக வெட்ட ஆசை வரும், வேண்டாம். சைப்ரஸ் வகைகள் வைத்தவர்கள் பழுப்பான பழைய கட்டைவரை வெட்டிவிடாதீர்கள், அங்கிருந்து துளிர்க்காது.

எல்லா வரிசைக்கும் ஒரே செடி என்பதில் ஆபத்தும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாக்ஸ்வுட் வேலிகளைப் பூஞ்சைக் கருகல் நோய் வரிசை வரிசையாக அழித்தது. தோட்டத்தில் இரண்டு வேலி இருந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு செடி வையுங்கள்.

தன்போக்குக்காரர்களுக்கு: ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்காதீர்கள், செடிக் கண்காட்சி ஆகிவிடும். ஒரே செடியை மூன்று அல்லது ஐந்தாகச் சேர்த்து நட்டு, அதே கூட்டத்தை இன்னும் இரண்டு இடத்தில் திருப்பி வையுங்கள். கண்ணுக்கு ஒரு தாளம் கிடைக்கும். நிலத்தடித் தண்டால் ஓடிப் பரவும் செடிகளை, ஓடும் வகை மூங்கிலும் புதினாவும் போன்றவற்றை, தொட்டியிலோ தடுப்புக்குள்ளோ மட்டும் வளருங்கள். “சீக்கிரம் பரவும்” என்று சொல்லி யாராவது இலவசமாகத் தந்தால், அவர் அதை ஏன் இலவசமாகத் தருகிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

என் கோணல் மதிலுக்கு என்ன ஆயிற்று என்றால், வேலியை அங்கிருந்து எடுத்துவிட்டேன். பாதை இப்போது கதவுக்கு நேராகப் போகிறது. மதிலோரம் 2 அடியில் தொடங்கி மூன்றரை அடியில் முடியும் அந்தத் துண்டில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் கலந்து நிற்கின்றன, மதிலே தெரிவதில்லை.

இன்னொன்று. குழாயும் கம்பியும் புதைக்கும் நாளில், மண் மூடும் முன் டேப்பைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு பள்ளத்தையும் படம் எடுத்து, வீட்டு வரைபடத்தோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். முதல் காகிதக் கட்டில் இல்லாமல் போன அந்த மூன்றாவது காகிதம் அதுதான்.